அதிக எடையுள்ள சிறுவர், பதின்பருவத்தினரின் வாழ்க்கைமுறை

உடல் வளர்ச்சியைத் தடுக்காமல், கூடுதல் கொழுப்பு சேர்வதைக் கட்டுப்படுத்தும் உணவு, விளையாட்டு, உறக்கப் பழக்கங்களே அதிக எடையுள்ள பிள்ளைகளுக்கான முதல் சிகிச்சை. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி, 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் அதிக எடை கொண்டவர்கள் 1990-இல் 8 விழுக்காடு. 2022-இல் 20 விழுக்காடு, அதாவது 39 கோடிக்கும் மேல்.

பிள்ளைகளின் எடையைத் தனியாக வைத்து முடிவு சொல்ல முடியாது. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறைக் குறியீடு கிடைக்கும். அதை வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிட வேண்டும். குறியீடு 20 என்பது பெரியவருக்கு இயல்பானது. 10 வயதுப் பையனுக்கு அதிக எடை. இந்தியப் பிள்ளைகளுக்கென இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 2015-இல் தனி அட்டவணை வெளியிட்டிருக்கிறது.

வளரும் வயது என்பதே இங்கே பெரிய சாதகம். 140 செ.மீ. உயரமும் 40 கிலோ எடையும் உள்ள 10 வயதுப் பையனின் குறியீடு 20.4. எடை ஏறாமல் ஓராண்டில் 6 செ.மீ. வளர்ந்தால் அது 18.8 ஆகி, உலக சுகாதார அமைப்பின் அட்டவணைப்படி 11 வயதுக்குரிய இயல்பான அளவுக்குள் வந்துவிடும். ஆகவே வளரும் பிள்ளைகள் பலருக்கு எடை ஏறாமல் பார்த்துக்கொள்வதே போதுமான இலக்கு. பட்டினி போடுவதும் பெரியவர்களின் டயட்டைத் திணிப்பதும் கூடவே கூடாது. புரதமும் கால்சியமும் இரும்புச்சத்தும் நிறையத் தேவைப்படும் வயது இது.

உணவில் முதலில் குறைக்க வேண்டியவை இனிப்புப் பானங்கள். 300 மில்லி கோலாவில் ஏறத்தாழ 32 கிராம் சர்க்கரை, சுமார் எட்டு டீஸ்பூன், இருக்கிறது. 2 முதல் 18 வயது வரை, சேர்க்கப்படும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்க இதயக் கழகம். பாட்டில் ஜூஸும் பாலில் கலக்கும் இனிப்பு மாவுகளும் இதே கணக்கில்தான் சேரும். அடுத்தது, பள்ளி விட்டு வந்ததும் எடுக்கும் பசி. அந்த நேரத்தில் வீட்டில் சுண்டலோ அவித்த வேர்க்கடலையோ கொய்யாவோ இருந்தால் பப்ஸையும் சிப்ஸையும் தேடுவது குறையும். சோற்றையும் இட்லியையும் விலக்கத் தேவையில்லை. சோறு கொஞ்சம் குறைந்து, பொரியலும் பருப்பும் முட்டையும் மீனும் கூடினால் போதும். செல்போன் பார்த்தபடி சாப்பிடும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. போதும் என்று சொல்லும் பிள்ளையின் தட்டில் இன்னொரு தோசையைப் போடும் பாசத்தையும் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும்.

கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் வளாகத்திலிருந்து 50 மீட்டருக்குள்ளும் மாணவருக்கு விற்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையத்தின் 2020-ஆம் ஆண்டு விதிகள் தடைசெய்கின்றன.

5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி உடல் அசைய வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. பி.டி. பீரியடைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்வதும், மாலை முழுவதையும் ட்யூஷன் விழுங்குவதும் பிள்ளையின் உடல்நலத்தைப் பறிப்பதே. ஓட்டத்தில் கடைசியாக வந்து கேலிக்கு ஆளான பிள்ளை மைதானத்துக்கே வர மறுக்கும்; நீச்சல், சைக்கிள், சிலம்பம், நடனம் என்று அதற்குப் பிடித்ததில் தொடங்கலாம். உறக்கம் 6 முதல் 12 வயது வரை 9–12 மணி நேரமும், 13 முதல் 18 வரை 8–10 மணி நேரமும் தேவை. தூக்கம் குறைந்தால் பசி கூடும்.

அண்ணனுக்கு முறுக்கு, தம்பிக்கு வெள்ளரிக்காய் என்ற ஏற்பாடு எந்த வீட்டிலும் நிலைக்காது. மாற்றம் வீடு முழுவதற்குமானதாக இருக்க வேண்டும். 'குண்டு' என்ற பட்டப்பெயரால் எடை குறைவதில்லை. மனம் நொந்த பிள்ளைகள் ஒளித்துவைத்துச் சாப்பிடுகிறார்கள், சிலர் சாப்பாட்டையே வெறுக்கிறார்கள்.

சில அறிகுறிகளுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடிப்பதை அழுக்கென்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டும் தாய்மார்கள் உண்டு. அது இன்சுலின் சரிவர வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். குறட்டை, இடுப்பு அல்லது முழங்கால் வலியுடன் நொண்டுதல், ஒழுங்கற்ற மாதவிடாய் ஆகியவையும் கவனிக்கத்தக்கவை. எடை கூடி உயரம் மட்டும் வளராமல் நின்றால் தைராய்டு போன்ற ஹார்மோன் கோளாறுகளுக்குப் பரிசோதிப்பார்கள். வாழ்க்கைமுறை மாற்றத்தோடு, உடல் பருமனுக்கு 12 வயது முதல் மருந்துகளையும், கடுமையான உடல் பருமனுக்கு 13 வயது முதல் அறுவை சிகிச்சையையும் பரிசீலிக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2023-இல் வழிகாட்டியது.