இராமலிங்க விலாசம்

இராமலிங்க விலாசம் என்பது இராமநாதபுரம் அரண்மனை வளாகத்திலுள்ள, சேதுபதி மன்னர்களின் அரசவைக் கட்டடமாகும். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1978-இல் இதனைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக ஏற்றது. வட்டாரத் தொல்பொருள்களைக் காட்சிப்படுத்தும் அகழ்வைப்பகமும் இதனுள் இயங்கி வருகிறது.

இராமேசுவரத்துக்குச் செல்லும் சேது வழியையும் அவ்வழி வரும் யாத்திரிகர்களையும் காக்கும் பொறுப்பால் சேதுபதி எனப் பெயர் பெற்ற மறவர் குல மன்னர்கள், முதலில் போகலூரிலிருந்து ஆண்டனர். மதுரை நாயக்கர்களின் மேலாண்மையிலிருந்து விலகித் தனித்து நின்ற கிழவன் சேதுபதி, தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றி, அங்குக் கோட்டையையும் இவ்விலாசத்தையும் எழுப்பினார். கட்டடத்தின் அமைப்பு கோயிலை ஒத்தது: பருத்த தூண் வரிசைகள் கொண்ட மகாமண்டபத்தைக் கடந்தால் அர்த்தமண்டபம், அதற்கும் அப்பால் கருவறை போன்ற உள்ளறை என்று ஒன்றன்பின் ஒன்றாக விரிகிறது. சேதுபதிகள் முடிசூடிக்கொள்ளும் இராமர் பீடம் எனப்படும் கல்லிருக்கை இங்குதான் இருந்தது என்பதால், கோயிலின் சாயல் அரசுரிமைக்குத் தெய்வச் சார்பு தேடும் நோக்கில் அமைந்தது எனக் கொள்வதே பொருத்தம்.

அதே நோக்கத்தைச் சுவர்களிலும் காணலாம். முத்து விஜயரகுநாத சேதுபதி (1713–1725) காலத்தில் சுவர், தூண், விதானம் எதையும் விட்டுவைக்காமல் தீட்டப்பட்ட ஓவியங்களில், இராமாயணமும் கண்ணன் கதையும் ஒருபுறமிருக்க, மன்னரே பெரும்பாலும் நாயகராக நிற்கிறார். இராஜராஜேசுவரி அவருக்குச் செங்கோல் அளிக்கிறாள். மதுரை நாயக்கர் விஜயரங்க சொக்கநாதர் அவர்மீது மணிகளைச் சொரிந்து இரத்தின அபிடேகம் செய்கிறார். தஞ்சை மராட்டியருடன் நிகழ்ந்த போரும் ஐரோப்பியர் அவைக்கு வரும் காட்சியும் விரிவாக இடம்பெறுகின்றன. மேல்தளத்து அறையோ அந்தப்புர வாழ்வையும் இன்பப் பொழுதுகளையும் காட்டுகிறது. தமிழகத்தில் சமகால அரசியல் நிகழ்ச்சிகளை இவ்வளவு வெளிப்படையாகப் பதிவுசெய்த அரண்மனை ஓவியத் தொகுதி வேறொன்றைச் சொல்வது கடினம். எனினும் நாயக்கர் கையால் பெற்ற சிறப்பைச் சேதுபதி தம் சுவரிலேயே எழுதச் செய்தார் என்பது, அவர்தம் தன்னாட்சிக்கு இருந்த எல்லையையும் காட்டிவிடுகிறது.

1772-இல் ஆர்க்காட்டு நவாபின் படையும் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் கோட்டையைக் கைப்பற்றின. 1795-இல் முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனி பதவியிறக்கியது. பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரான கட்டபொம்மன் 1798 செப்டம்பரில் கலெக்டர் ஜாக்சனை இவ்விலாசத்தில்தான் சந்தித்தார். அச்சந்திப்பு கைகலப்பில் முடிய, லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார், கட்டபொம்மனின் அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார். கட்டபொம்மனைப் பற்றிய 1959-ஆம் ஆண்டுத் திரைப்படத்தால் இச்செய்தியே பரவலாக அறியப்பட்டிருக்க, ஓவியங்கள் அந்த அளவுக்குப் பேசப்படாதது வருந்தத்தக்கது. 1803-இல் சேதுநாடு ஜமீனாகி, சேதுபதி குடும்பத்து மங்களேசுவரி நாச்சியாருக்கு வழங்கப்பட்டது. நாடு விடுதலை பெற்றபின் ஜமீன்முறை ஒழிந்தது.

அகழ்வைப்பகத்தில் வாள், ஈட்டி முதலியவற்றோடு, வளைந்த எறிகருவியான வளரியும், சிற்பங்களும், வைகை முகத்துவாரத்தை ஒட்டிய அழகன்குளத்தின் பானையோடுகளும், பெரியபட்டினத்தில் கிடைத்த சீனப் பீங்கான் துண்டுகளும் உள்ளன. இவ்விரு கடற்கரை ஊர்களின் வணிகம் சேதுபதிகளுக்கு நெடுங்காலம் முற்பட்டது.