குழுநிலை விவாதமும் காலவரையறையும்: வன்னியை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

சட்டமூலம் ஒன்று மூன்று வாசிப்புகளைக் கடந்தே சட்டமாகின்றது என்பது பாடசாலைக் குடியியல் நூல்களிலேயே சொல்லப்படுவது. முதல் வாசிப்பில் அது சபைக்கு அறிமுகமாகின்றது; இரண்டாம் வாசிப்பில் அதன் கொள்கை விவாதிக்கப்படுகின்றது. நாவன்மைக்கு இடமளிப்பதும் மறுநாட் பத்திரிகைகளில் தலைப்புச் செய்தியாவதும் இந்த இரண்டாம் வாசிப்பே. ஆயினும் சட்டம் உண்மையில் உருப்பெறுவது அதனை அடுத்து வரும் குழுநிலையிலாகும். சபாநாயகர் தமது உயர் ஆசனத்தை விட்டிறங்க, செங்கோல் மேசையின் கீழ் வைக்கப்பட, சபை முழுவதும் ஒரு குழுவாகி வாசகம் வாசகமாகச் சட்டமூலத்தை ஆராய்கின்றது. 'ஒரு வருடம்' என்பது 'ஆறு மாதம்' ஆவதும், 'அமைச்சர்' என்னுமிடத்தில் 'நீதவான்' என்னும் சொல் புகுவதும், புகவேண்டியது புகாமற் போவதும் இக்கட்டத்தில்தான். ஓர் உறுப்பினர் ஒரே வாசகத்தின் மீது ஒருமுறைக்கு மேலும் எழுந்து பேசலாம் என்பதால் காலம் இங்கேயே பெரிதும் செலவாகும். விரைவை விரும்பும் அரசாங்கங்களின் கத்தரிக்கோல் இக்கட்டத்தை நாடுவதில் வியப்பில்லை.

இக்கத்தரிக்கோலின் பிறப்பிடம் பிரித்தானியப் பாராளுமன்றம். அயர்லாந்து மக்களை விசாரணையின்றித் தடுத்துவைக்க வழிசெய்யும் சட்டமூலம் 1881 இல் அங்கு வந்தபோது, பார்னெல் தலைமையிலான அயர்லாந்து உறுப்பினர் ஓயாது பேசினர். நாற்பத்தொரு மணி நேரம் நீண்ட அந்த அமர்வைப் பெப்ரவரி 2 ஆம் திகதி சபாநாயகர் பிராண்ட், தமது சொந்தப் பொறுப்பிலேயே முடிவுக்குக் கொணர்ந்தார். அவ்வாறு செய்ய அவருக்கு அன்று விதி எதுவும் இருக்கவில்லை. விதி பின்னரே எழுதப்பட்டது. 1887 இல் அயர்லாந்து பற்றிய மற்றொரு குற்றவியற் சட்டமூலம் குழுநிலையில் இழுபட்டபோது, குறித்த நாளிற் குறித்த மணியுடன் விவாதம் நின்றுவிடும் என்றும், எஞ்சிய வாசகங்கள் பேச்சின்றியே வாக்குக்கு விடப்படும் என்றும் தீர்மானிக்கப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சியின் கொலைக்கருவியான 'கில்லட்டின்' என்பதே அம்முறைக்குப் பெயராயிற்று. இவ்விரு முறைகளும் ஒரு சிறுபான்மை இனத்தாரின் பேச்சைத் தடுக்கவே முதலில் எடுக்கப்பட்டன என்பதும், இரு தடவையும் விவாதப் பொருள் அவ்வினத்தாரை அடக்கும் சட்டமே என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

வெஸ்ற்மின்ஸ்ரர் மரபைத் தழுவிய இலங்கைப் பாராளுமன்றத்தில், 1947 இல் வன்னிப் பெருநிலப்பரப்பிலிருந்து வவுனியாத் தொகுதியின் உறுப்பினராகச் சென்றவர் கணிதப் பேராசிரியர் செ. சுந்தரலிங்கம். அமைச்சராகவும் இருந்த அவர், 1948 டிசெம்பரில் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டமூலத்தின் இரண்டாம் வாசிப்பு வாக்கெடுப்பில் அரசாங்கத்துக்குச் சார்பாக வாக்களியாது சபையை விட்டு வெளியேறினார். அமைச்சர் பதவி அத்துடன் போயிற்று. அச்சட்டங்களால் நாடற்றவராக்கப்பட்ட மலையக மக்களிற் பலர் பிற்காலத்தில் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறியமையை நோக்குமிடத்து, அந்த வெளிநடப்பு தம் தொகுதியின் எதிர்காலக் குடிகளுக்காகவும் நிகழ்ந்ததாகவே தோன்றுகின்றது. சட்டத்தை அதனால் தடுக்க முடியவில்லை. ஆயினும் பேசவும், விலகி நிற்கவும், நின்றதற்கு விலை கொடுக்கவும் அன்று நேரம் இருந்தது.

1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பு இந்நேரத்தை வேறொரு முனையிலிருந்து குறைத்தது. சாதாரண சட்டமூலம் ஒன்று சபையின் ஒழுங்குப் பத்திரத்தில் ஏறுவதற்கு ஏழு நாட்களுக்கு முன்னராவது வர்த்தமானியில் வெளியாக வேண்டியிருந்தது. ஏறிய பின் ஒரு வாரத்துக்குள் எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றத்தை நாடக்கூடியதாயிருந்தது. ஆனால் 'தேசிய நலன் கருதி அவசரமானது' என அமைச்சரவை சான்றுப்படுத்தினால் 122 ஆம் உறுப்புரையின்கீழ் இவ்விரு வாய்ப்புகளும் அற்றுப்போயின. நீதிமன்றமே இருபத்துநான்கு மணித்தியாலத்துள், சனாதிபதி நீடித்தால் மூன்று நாட்களுள், தன் தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டியதாயிற்று. கொழும்பிலிருந்து இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள வவுனியாவிலோ, இன்னும் வடக்கே கிளிநொச்சியிலோ, மாங்குளத்திலிருந்து கிழக்கே திரும்பும் வீதியின் அந்தத்தில் உள்ள முல்லைத்தீவிலோ வாழ்ந்த ஒருவருக்கு இதன் பொருள் எளியது. சட்டமூலம் பற்றிய செய்தி ஊர் வந்து சேருமுன் அது சட்டமாகியிருக்கும்.

1979 யூலையில் அவ்வாறே நடந்தது. பயங்கரவாதத் தடை (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டமூலம் அவசர சட்டமூலமாக வந்து, யூலை 19 ஆம் திகதி ஒரே நாளில் நிறைவேறியது. ஆறில் ஐந்து பங்கு ஆசனங்களைக் கொண்டிருந்த அரசாங்கத்துக்கு வாக்குகள் போதாமை என்ற அச்சமே இல்லை; எனவே அவ்வேகத்தை எண்ணிக்கையின் தேவையாகக் கொள்ள முடியாது. பொலிஸ் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாக ஏற்கப்படலாமா, அமைச்சரின் கட்டளையால் ஒருவரை எத்தனை மாதம் தடுத்துவைக்கலாம் என்பன போன்ற வினாக்கள் வாசகம் வாசகமாக, எண் எண்ணாக எடுத்து அலசப்பட வேண்டியவை. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த வாக்குமூலம் ஏற்புடையது என்றும், தடுப்புக்காவல் மும்மாதம் மும்மாதமாகப் பதினெட்டு மாதம் வரை நீடிக்கலாம் என்றும் எழுதப்பட்டவை அப்படியே சட்டமாயின. தலைப்பிலுள்ள 'தற்காலிக' என்னும் சொல்லுக்கு மூன்றாண்டு ஆயுள் விதிக்கப்பட்டிருந்தது. 1982 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் அந்த வரம்பை நீக்கியது. தலைப்பில் அச்சொல் மட்டும் எஞ்சியது. வவுனியா மேல் நீதிமன்றத்தில் பல்லாண்டுகளின் பின்னரும் வழக்குகள் அந்த ஒப்புதல் வாக்குமூலத்தைச் சுற்றியே நடந்தன.

நான்காண்டுகளின் பின் நிகழ்ந்தது இதனினும் கடியது. 1983 யூலை வன்செயல்களின் சாம்பல் ஆறுமுன், தனிநாட்டுக் கோரிக்கையைத் தடைசெய்யும் ஆறாம் திருத்தம் ஓகஸ்ட் முதல் வாரத்தில் எல்லாக் கட்டங்களையும் விரைந்து கடந்து, 8 ஆம் திகதி சான்றுப்படுத்தப்பட்டது. வவுனியாவின் தா. சிவசிதம்பரம், முல்லைத்தீவின் எக்ஸ். எம். செல்லத்தம்பு, கிளிநொச்சியின் வீ. ஆனந்தசங்கரி ஆகிய மூவரும் தமிழர் விடுதலைக் கூட்டணியினர்; அவர்களின் கட்சி அப்போது சபைக்குச் செல்லவில்லை. வன்னியின் குரல் ஒரு நிமிடமேனும் ஒலிக்காமல், வன்னியின் உறுப்பினர் எத்தகைய சத்தியம் செய்தால் ஆசனத்தில் அமரலாம் என்பது முடிவாயிற்று. சத்தியம் செய்யாது விலகியிருந்தோர் மூன்று மாத வராமையால் ஆசனம் இழந்தனர். 1989 பொதுத் தேர்தல் வரை அத்தொகுதிகளுக்குப் பாராளுமன்றத்தில் ஆளில்லை. விவாத நேரத்தைக் குறைத்தல் என்பது இங்கு விவாதிப்பவரையே இல்லாதாக்குதலாய் முடிந்தது.

இதனால் காலவரையறை எதுவுமே தகாது என்பார் உளராயின் அவர் வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தை நோக்குதல் வேண்டும். அமைச்சுகளுக்கு நாட்களும், கட்சிகளுக்கு நிமிடங்களும் பங்கிடப்படாவிடின் ஆண்டு முடிவதற்குள் அது முடியாது. ஆயினும் அப்பங்கீடு ஆசன எண்ணிக்கையை ஒட்டியே அமைவதால், 225 பேர் கொண்ட சபையில் வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு உறுப்பினருக்குக் குளமும் காணியும் வீதியும் பற்றிப் பேசக் கிடைப்பன சில நிமிடங்களே. கிளிநொச்சியோ யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டுள்ளது.

நேரம் கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கு 2012 ஆம் ஆண்டின் 'திவிநெகும' சட்டமூலம் சான்று. வர்த்தமானி வழியே சாதாரண முறையில் வந்த அதனை எதிர்த்து மனுக்கள் தாக்கலாயின. மாகாண சபைகளின் இசைவு வேண்டும் என உயர் நீதிமன்றம் கூறிற்று. வடக்கில் அன்று தெரிவுசெய்யப்பட்ட சபை இல்லை. ஆளுநர் தந்த இசைவு போதாது என்பது அடுத்த வழக்கில் தெளிவாயிற்று. 2013 யனவரியில் அச்சட்டமூலம் மூன்றிலிரண்டு வாக்கால் நிறைவேறியது உண்மையே. ஆனால் வடக்குக்குச் சபை இல்லை என்னும் குறை அந்தச் சில மாத அவகாசத்தாலேயே நீதிமன்ற ஏட்டில் ஏறியது. அவ்வாண்டு செப்டெம்பரில் வட மாகாண சபைத் தேர்தல் நடைபெற்றது.

அவசர சட்டமூல முறை 2015 இல் பத்தொன்பதாம் திருத்தத்தால் நீங்கி, 2020 இல் இருபதாம் திருத்தத்தால் மீண்டு, 2022 இல் இருபத்தோராம் திருத்தத்தால் மறுபடி நீங்கியது. ஆனால் வேகம் அதனுடன் நீங்கவில்லை. 2024 யனவரி 24 இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்துக்கு உயர் நீதிமன்றம் வேண்டிய திருத்தங்களுட் சில குழுநிலையிற் சேர்க்கப்படாமலே அது சட்டமாயிற்று என்பதைக் கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாண மாவட்டத்தின் உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் சுட்டிக்காட்டினார். சபாநாயகர் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை வந்து, மார்ச்சில் தோற்றது.

1979 ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தப் பதினெட்டு என்னும் எண், 2022 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால் பன்னிரண்டு ஆக்கப்பட்டது. ஒரு குழுநிலை மாலையில் ஆறு மாதத்தைக் குறைக்கக் கேட்டிருக்கக்கூடிய அத்திருத்தம் வந்து சேர நாற்பத்துமூன்று ஆண்டுகள் சென்றன.