குண்டின் வேகத்தை அளந்தவர்

அமெரிக்காவில் மான் வேட்டைக்குச் செல்வோருள் சிலர், தோட்டாவில் மருந்தையும் குண்டையும் தம் கையாலேயே இட்டு நிரப்புவர். வேட்டைக்கு முன் அவற்றைச் சுட்டு, குண்டின் வேகத்தைக் கருவியால் அளந்து பார்ப்பர். மருந்து குறைந்தால் மான் காயத்தோடு ஓடித் துன்புறும். மிகுந்தால் துப்பாக்கி வெடித்துச் சுடுபவரின் உயிருக்கே கேடு வரும்.

இத்தகைய அளவைக்கு வழிவகுத்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர். தொங்கவிட்ட கனத்த ஊசலின்மீது குண்டைச் சுட்டு, ஊசல் விலகிய தூரத்தினின்று வேகத்தைக் கணக்கிட்டார். அம்முறையை 1742இல் நூலாக வெளியிட்டார். பலர் அற்பமென எண்ணியிருந்த காற்றின் தடை மிகப் பெரிது என்பது அதனால் விளங்கிற்று. பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீர்செய்ய இந்தியா வந்த அவர், 1751இல் நம் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் காலமானார்.

உயிரைப் பற்றிய காரியத்தில் ஊகம் போதாது, அளந்தறிதல் வேண்டும்.