கேசிங்குக்கும் வரலாறு உண்டு

கணினியைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டும் இளைஞர்கள் செயலியைப் பற்றி மாதக்கணக்கில் ஆராய்வார்கள். கேசிங்கையோ கண்ணாடியையும் வண்ண விளக்கையும் பார்த்தே தெரிவு செய்துவிடுவார்கள்.

ஐ.பி.எம். 1981 இல் வெளியிட்ட முதலாவது பீ.சி.யில் விரிவாக்கச் செருகிடங்கள் ஐந்து. 1983 இல் வந்த எக்ஸ்.ரி.யில் எட்டு. அதற்காக இடைவெளி 0.8 அங்குலமாகக் குறுக்கப்பட்டது. இன்று கடையில் வாங்கும் கேசிங்கின் பின்புறத்திலும் அதே 0.8 அங்குலந்தான்!

அக்காலத்தில் வலுவழங்கியிலிருந்து ஒரேமாதிரியான இரு செருகிகள் தாய்ப்பலகைக்கு வரும். கறுப்புக் கம்பிகள் நடுவில் சேரும்படி அவற்றைப் பூட்ட வேண்டும்; மாறினால் பலகை கருகிவிடும். 1995 இல் இன்ரெல் கொண்டுவந்த ஏ.ரி.எக்ஸ். நியமம், தவறாகப் பூட்ட இயலாத ஒரே செருகியால் இந்த அபாயத்தை நீக்கியது. அதன் 305க்கு 244 மில்லிமீற்றர் பலகையே இன்றும் பெரிய கேசிங்குகளின் அளவுகோல்.

பென்ரியம் 4 இன் வெப்பத்தைச் சமாளிக்க, 2004 இல் இன்ரெலே பீ.ரி.எக்ஸ். என்ற மாற்று அமைப்பை முன்வைத்தது. காற்று முன்னிருந்து பின்னுக்கு நேராகப் பாயும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் சந்தை அசையவில்லை. 2006 இல் குளிர்ச்சியான கோர் 2 செயலிகள் வந்ததும் இன்ரெல் அதனைக் கைவிட்டது.

வெப்பம் மட்டும் திரும்பி வந்துவிட்டது. 2022 இல் வெளியான என்விடியா ஆர்.ரி.எக்ஸ். 4090 அட்டை 30 சென்ரிமீற்றருக்கு மேல் நீளம். 450 வாற் வரை உறிஞ்சும். ஆகவே அட்டையின் நீளத்தை அளந்துகொண்டு கடைக்குச் செல்லுங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியா, காற்றுப் புகும் வலையா என்று பாருங்கள். நான் வலையையே வாங்குவேன்.