நாயின் சிறுநீரும் கேமரா ஃபில்டரும்

ஏரி நீரின் பளபளப்பை அடக்கி, வானத்தின் நீலத்தை ஆழமாக்கும் போலரைசர் ஃபில்டருக்குப் பூர்வீகம் கொஞ்சம் அசிங்கமானது. பிரிஸ்டல் மருத்துவர் வில்லியம் ஹெராபத்தின் மாணவர் ஒருவர், கொய்னா மருந்து கொடுத்த நாயின் சிறுநீரில் அயோடினை விட்டார். பச்சை நிறத்தில் நுண்ணிய படிகங்கள் தோன்றின. ஹெராபத் நுண்ணோக்கியில் பார்த்தார். இரண்டு படிகங்கள் குறுக்காகப் படிந்த இடம் சில கோணங்களில் கறுத்துப்போயிருந்தது. 1852-ல் அவர் இதை வெளியிட்டார். இன்றும் ஒரு போலரைசரின் தரத்தைச் சொல்வது அந்தக் கறுப்புதான்.

அதற்கு முன்பே நல்ல போலரைசர் இருந்தது. எடின்பரோவின் வில்லியம் நிக்கோல் 1828-ல் கால்சைட் படிகத்தை வெட்டி ஒட்டிச் செய்த பட்டகம் அது. தரத்தில் குறையில்லை, ஆனால் சிறியது, விலையோ அதிகம். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1921-ல் ‘நார்க்கண்டா’ கப்பலில் ஊர் திரும்பியபோது கையில் வைத்திருந்தது இந்தப் பட்டகத்தைத்தான். அலைமேல் மின்னிய வானத்தின் பிரதிபலிப்பை அதைக் கொண்டு அணைத்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. இன்றைய புகைப்படக்காரர் ஃபில்டரைத் திருகிச் செய்யும் அதே வேலை!

ஹெராபத்தின் படிகம் தொட்டால் நொறுங்கும். லென்ஸை மூடும் அளவுக்கு வளர்க்கவும் முடியவில்லை. ஹார்வர்டு படிப்பைப் பாதியில் விட்ட எட்வின் லேண்ட் பெரிய படிகத்துக்கான ஆசையையே கைவிட்டார். கோடிக்கணக்கான நுண் ஊசிகளை ஒரே திசையில் படுக்கவைத்துத் தாளாக்கினார். 1929-ல் காப்புரிமை கோரினார். 1934-ல் கோடாக் நிறுவனம் கேமரா ஃபில்டருக்காக அவருடன் ஒப்பந்தம் போட்டது.

ஆனால் ஊசிகள் ஒளியைச் சிதறடித்ததால் படத்தில் மெல்லிய மூட்டம் விழுந்தது. 1938-ல் லேண்ட் படிகத்தையே தூக்கியெறிந்தார். பாலிவினைல் ஆல்கஹால் படலத்தை இழுத்து நீட்டி, அயோடினில் தோய்த்தார். மூலக்கூறுகள் வரிசைகட்டி நின்றன; சிதறவைக்க ஊசிகளே இல்லை. இன்றும் பெரும்பாலான ஃபில்டர்களின் உயிர் அந்தப் படலம்தான். நாய்க்கு விடுதலை, அயோடின் மட்டும் மிச்சம்.

பின்னர் ஆட்டோஃபோகஸ் கேமராக்களின் பாதி ஒளியை ஊடுருவவிடும் கண்ணாடிகளுக்காக இன்னொரு படலம் சேர்ந்தது. அதுதான் ‘சர்க்குலர் போலரைசர்’. படலங்களை மூடும் கண்ணாடி சமதளமாக இல்லாவிட்டால், டெலி லென்ஸில் கூர்மை போவது உடனே தெரிந்துவிடும்.

கடையில் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியில் எழுதியிருப்பதை நம்ப வேண்டியதில்லை. எல்சிடி கணினித் திரையை வெள்ளையாக்கி, ஃபில்டரின் முன்பக்கத்தைத் திரைக்குக் காட்டி மெதுவாகத் திருப்புங்கள். ஒரு நிலையில் திரை முழுக்கக் கறுக்க வேண்டும். ஊதா வெளிச்சம் தாராளமாகக் கசிந்தால் வாங்காதீர்கள்.