பந்தயப் பொருள் யாருடைய பணம்?



1978ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், ஹவாய்த் தீவுகளில் ஒன்றான ஓவாஹுவின் கடற்கரையிலிருந்து 15 பேர் நீந்தத் தொடங்கினர். முதலில் 3.8 கிலோமீட்டர் நீச்சல், அடுத்து 180 கிலோமீட்டர் சைக்கிள் பயணம், இறுதியாக 42 கிலோமீட்டர் ஓட்டம். யாவும் ஒரே நாளில். அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் உருவாக்கிய போட்டி அது. நீச்சல்காரரா, ஓட்டக்காரரா, சைக்கிள் வீரரா, இவர்களில் எவர் மிகுந்த உறுதியுடையவர் என்னும் வாக்குவாதமே அதன் விதை. 12 பேர் எல்லையைத் தொட்டனர். வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்துவந்த கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 வினாடியில் முதலாவதாக வந்தார். பரிசு? காலின்ஸ் தம் கையால் உலோகத்தில் செய்த சிறு நினைவுச் சின்னம். முதல்வருக்குக் கிடைத்ததே கடைசியாக வந்தவருக்கும் கிடைத்தது. பணம் ஒரு காசும் இல்லை.

திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் மூன்று ஷிப்ட்டுகளில் உழைக்கும் நம் வாலிபர் சிலர் இப்போது டிரையத்லான் பற்றிப் பேசுகின்றனர். இரவு ஷிப்ட் முடித்து, தூங்கி எழுந்து, மாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு பழவேற்காடு வரை செல்வோரை நான் அறிவேன். "ஐயா, பரிசுப் பணத்துக்காக ஓடுவது விசுவாசிக்குத் தகுமா?" என்பது அவர்களுள் ஒருவரின் கேள்வி. ஆம் அல்லது இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூற எனக்கு மனமில்லை. இந்தப் பணத்துக்கு ஒரு வரலாறு உண்டு.

அது ஹவாயில் தொடங்கவில்லை. பவுல் அப்போஸ்தலர் கி.பி. 50ஆம் ஆண்டையொட்டி ஒன்றரை ஆண்டு தங்கியிருந்த கொரிந்து நகருக்கு அருகில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மியப் போட்டிகள் நடைபெற்றன. வென்றவன் தலையில் சூட்டப்பட்டது வெறும் இலைக் கிரீடம். சில காலங்களில் பைன் மரத் தழை, சில காலங்களில் செலரிக் கீரை. வாடிப்போகும் கிரீடம் என்று பவுல் எழுதியதை அந்நகரத்தார் கண்ணாரக் கண்டிருந்தனர். ஆனால் இலையோடு காரியம் முடிந்துவிடவில்லை. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஏதென்ஸில் சோலோன் ஒரு சட்டம் செய்திருந்தார். ஒலிம்பியாவில் வென்ற குடிமகனுக்கு 500 டிராக்மா, இஸ்த்மியாவில் வென்றவனுக்கு 100 டிராக்மா. அந்நாளில் ஓர் ஆட்டின் மதிப்பு ஒரு டிராக்மா என்று புளூட்டார்க் குறித்து வைத்திருக்கிறார். ஆகவே அந்தக் கீரைக் கிரீடத்தின் பின்னால் 100 ஆடுகள் நின்றன! பணமற்ற தூய விளையாட்டு என்று பண்டைய கிரேக்கத்தைக் காட்டுவோர் இந்த ஆடுகளை எண்ணுவதில்லை.

பந்தயத்தைப் பற்றிப் பவுல் எழுதும் 1 கொரிந்தியர் 9ஆம் அதிகாரத்தைத் தொடக்கத்திலிருந்து வாசியுங்கள். உழைக்கிறவனுக்குக் கூலி பெறும் உரிமை உண்டு என்று அவர் நெடுநேரம் வாதாடுகிறார். தாம் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை என்கிறார். அதன் பின்னரே ஓட்டக்களத்துக்கு வருகிறார். நாம் ஞாயிறுதோறும் இறுதிப் பகுதியை மட்டும் எடுத்துப் பிரசங்கிக்கிறோம்.

மீண்டும் ஹவாய்க்கு வருவோம். 1982 பிப்ரவரியில் ஜூலி மாஸ் என்னும் கல்லூரி மாணவி முதலிடத்தில் வந்துகொண்டிருந்தபோது, எல்லைக்குச் சில மீட்டர் தொலைவில் வலுவிழந்து விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து வென்றார். மாஸ் தவழ்ந்து சென்று 29 வினாடி பின்னே கோட்டைத் தொட்டார். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சி நாடெங்கும் காட்டியது. போட்டிக்குப் புகழும் விளம்பரதாரரும் பெருகினர். ஓடியவருக்கோ பணம் வரவில்லை. அதே ஆண்டு பிரான்ஸின் நீஸ் நகரில் தொடங்கிய நெடுந்தூர டிரையத்லான் முதலிலிருந்தே பரிசுப் பணம் அளித்தது. மார்க் ஆலன் அங்கே 10 முறை வென்றார். பரிசு இல்லாத காரணத்தால் 1985இல் முன்னணி வீரர் பலர் ஹவாயைப் புறக்கணித்தனர். மறு ஆண்டு, தம் பெயரை வெளியிடாத ஒருவர் அளித்த 1,00,000 டாலருடன் அங்கும் பரிசுப் பணம் வந்தது. 2022இல் அது 7,50,000 டாலர். ஆண், பெண் இரு முதல்வருக்கும் தலா 1,25,000.

அவ்வீரரைப் பேராசைக்காரர் என்று அழைக்க நான் ஆயத்தமாயில்லை. அவர்களுடைய உடலைக் காட்டி மற்றவர் வருவாய் ஈட்டினர். அதில் தங்கள் பங்கைக் கேட்டனர். ஒப்பந்தத் தொழிலாளர் நிறைந்த நம் சபையில் இதை விளக்கத் தேவையில்லை. பெண்களுக்குச் சமமாகக் கொடுப்பதிலும் இவ்விளையாட்டு முந்திக்கொண்டது. விம்பிள்டன் டென்னிஸ் 2007இல்தான் அந்நிலையை எட்டியது.

சிறிய, தனித்து நிற்கும் போட்டிகளின் கதை வேறு. அங்கே தொலைக்காட்சி இல்லை, பெரிய விளம்பரதாரர் இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்: 200 பேர் தலா 5,000 ரூபாய் கட்டினால் 10 லட்சம். படகு, உயிர்காப்பு நீச்சல்காரர், ஆம்புலன்ஸ், சாலையில் காவல், குடிநீர், நேரம் கணிக்கும் கருவி ஆகிய எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். அதில் 2 லட்சம் பரிசுக்குப் போனால், ஒவ்வொருவரும் 1,000 ரூபாயை முன்னே ஓடும் சிலருக்குக் கொடுக்கிறார்கள். மனமுவந்து கொடுத்தால் தவறில்லை. படகின் எண்ணிக்கையைக் குறைத்துப் பரிசை உயர்த்தினால் அது பெரும் தவறு. அறிவித்த தொகையை மாதக்கணக்கில் இழுத்தடிப்பதும் அப்படியே. கூலிக்காரனின் கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் தங்கலாகாது என்னும் லேவியராகமக் கட்டளை பரிசுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம்.

நார்வேயில் 2003இல் தொடங்கிய நார்ஸ்மன் போட்டி வேறு வழியைத் தேர்ந்தது. கப்பலிலிருந்து குளிர்ந்த கடற்கழியில் குதித்துத் தொடங்கி மலையுச்சியில் முடியும் அப்போட்டியில் பரிசுப் பணமே கிடையாது. முன்னே வரும் ஏறத்தாழ 160 பேர் உச்சிவரை ஏறிக் கறுப்புச் சட்டை பெறுவர். மற்றவர்க்கு வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டைக்காக உலகெங்குமிருந்து வருகின்றனர். அழகான ஏற்பாடுதான். ஆயினும் விமானச் செலவும், உடன் வரும் உதவியாளரின் செலவும் தாங்கக்கூடியவரே அங்கே நிற்க முடியும்.

நம் கடலோரமும் இதைக் கண்டிருக்கிறது. 1966இல் மிஹிர் சென் பாக் நீரிணையைக் கடந்தபோது, உடன் வந்த கடற்படைக் கப்பல்களின் செலவுக்காக அவர் 45,000 ரூபாய் திரட்ட வேண்டியிருந்தது. பாதியை ஒரு நாளிதழ் முதலானோர் தந்தனர். மீதிக்குப் பிரதமர் இந்திரா காந்தி உதவினார். 1971இல் வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் அதே நீரிணையை 51 மணி நேரத்தில் இருவழியும் நீந்தினார். 1984 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் உயிர் நீத்தார். அவர்களுக்காக எக்கரையிலும் பரிசுப் பணம் காத்திருக்கவில்லை.

சென்னையின் குற்றாலீஸ்வரனை நம்மில் மூத்தோர் நினைவுகூரலாம். 1994இல், சிறுவனாயிருக்கையிலேயே, ஒரே ஆண்டில் பாக் நீரிணை, ஆங்கிலக் கால்வாய் உட்பட ஆறு நீர்ப்பரப்புகளைக் கடந்து, மிஹிர் சென்னின் ஐந்து என்ற எண்ணிக்கையை முறியடித்தார். செய்தித்தாள்கள் கொண்டாடின, 1998இல் அர்ஜுனா விருதும் வந்தது. பயிற்சிக்கும் பயணத்துக்கும் பொருளுதவி செய்வார் மட்டும் போதிய அளவில் கிடைக்கவில்லை. அவர் நீச்சலை விட்டுப் பொறியியல் படிக்கச் சென்றார்.