தமிழ்நாட்டு ஆசிரியர் சங்கங்கள்

தமிழ்நாட்டில் பள்ளி, கல்லூரி ஆசிரியர்கள் ஊதியம், பணிப் பாதுகாப்பு, பதவி உயர்வு, ஓய்வூதியம் ஆகியவற்றுக்காகத் திரண்டு அமைத்துக்கொண்ட அமைப்புகள் ஆசிரியர் சங்கங்கள் எனப் பொதுவாகக் குறிக்கப்படுகின்றன. பெயரில் சங்கம், கூட்டணி, மன்றம், கழகம், இயக்கம் என எது இருந்தாலும் வேலை ஒன்றுதான். ஆலைத் தொழிலாளர் சங்கம் முதலாளியோடு பேசி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறது. ஆசிரியர் சங்கத்தின் எதிரில் இருப்பது பெரும்பாலும் அரசு. பேச்சுவார்த்தையில் எட்டிய உடன்பாடு அரசாணையாக வெளிவந்தால்தான் அதற்கு உயிர்.

சங்கங்கள் இத்தனை இருப்பதற்கும் அரசாணைகளே முதற்காரணம். நியமனம், ஊதியம், பதவி உயர்வு பற்றிய ஆணைகள் ஆசிரியர்களிடையே புதுப்புதுப் பிரிவுகளை உண்டாக்குகின்றன. ஒவ்வொரு பிரிவும் நாளடைவில் தனக்கென ஒரு சங்கம் கண்டுவிடுகிறது. இடைநிலை ஆசிரியர், பட்டதாரி ஆசிரியர், முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர், தலைமையாசிரியர், உடற்கல்வி ஆசிரியர் என ஒவ்வொரு படிக்கும் தனி அமைப்பு உண்டு. ஒரே படிக்குள் கட்சிச் சார்பாலும் தலைவர்களின் பிணக்காலும் பிரிந்தவை வேறு.

சென்னை மாகாணக் காலத்தில் தொடக்கப்பள்ளிகளை உள்ளாட்சி அமைப்புகளும் தனியார், மிஷன் நிர்வாகங்களும் நடத்திவந்தன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருவான தென்னிந்திய ஆசிரியர் சங்கம் மாநாடு கூட்டுவதிலும் பாடத்திட்டம் பற்றிப் பேசுவதிலும் ஊக்கம் காட்டிய அமைப்பு. தொடக்கப்பள்ளி ஆசிரியரின் கவலைகள் வேறானவை. 1958ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது இப்பள்ளிகள் அவற்றின் பொறுப்பில் வந்தன. ஊதியமும் மாறுதலும் ஒன்றிய அலுவலகத்தைச் சார்ந்திருக்க, உள்ளூர் அரசியலின் கைக்குள் ஆசிரியர் அகப்பட்டார். மாஸ்டர் இராமுண்ணியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் தமிழ்நாடு ஆரம்பப் பள்ளி ஆசிரியர் கூட்டணி போன்றவை வேர்பிடித்தது இந்தச் சூழலில்தான். 1981 ஜூன் 1 முதல் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களாக்கப்பட்டது தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கத்துக்குக் கிடைத்த பெரும் வெற்றி. அதே நாள் முதல் அரசு ஊழியர் நடத்தை விதிகளும், அவற்றிலுள்ள வேலைநிறுத்தத் தடையும் அவர்கள்மேல் படிந்தன.

அரசு உதவிபெறும் தனியார் நிறுவனங்களில் சிக்கல் நிர்வாகத்தோடு இருந்தது. சம்பளத்துக்கான மானியம் அரசுடையது, வேலையிலிருந்து நீக்கும் அதிகாரம் செயலரிடம். இதற்குக் கடிவாளமிட 1973இல் அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிகள் ஒழுங்குபடுத்தும் சட்டமும், 1976இல் தனியார் கல்லூரிகள் ஒழுங்குபடுத்தும் சட்டமும் வந்தன. உரிய அதிகாரியின் முன் அனுமதியின்றி ஆசிரியரைப் பணிநீக்கம் செய்யக்கூடாது, தற்காலிக நீக்கத்தைக் காலவரம்பின்றி நீட்டக்கூடாது என்பவை இவற்றின் சாரம். கல்லூரித் தரப்பில் ஏயூடி எனப்படும் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கமும், மதுரை, நெல்லை வட்டாரங்களில் மூட்டா என்ற ஆசிரியர் சங்கமும் முன்னின்றன. சிறுபான்மையினர் நடத்தும் நிறுவனங்களுக்கு அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு, இச்சட்டங்கள் எவ்வளவு தூரம் செல்லும் என்ற கேள்வியை நீதிமன்றங்களில் நெடுங்காலம் உயிரோடு வைத்திருந்தது.

சட்டமன்ற மேலவை இருந்தவரை ஆசிரியர்களுக்கு அங்கே தனித் தொகுதிகள் இருந்தன. மேலவை உறுப்பினர்களில் பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்க அரசியலமைப்பின் 171ஆம் பிரிவு வகைசெய்கிறது. ஆனால் வாக்குரிமை, இடைநிலைப் பள்ளிக்குக் குறையாத நிறுவனங்களில் மூன்றாண்டு பணியாற்றியவர்களுக்கே. எண்ணிக்கையில் பெரும் பகுதியினரான தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இந்த வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள். 1986 நவம்பர் 1 அன்று மேலவை கலைக்கப்பட்டதோடு அந்த ஏற்பாடும் முடிந்தது. 2010இல் அதை மீட்கப் பேரவை தீர்மானமும் நாடாளுமன்றச் சட்டமும் நிறைவேறின. 2011இல் ஆட்சி மாறியதும் அம்முயற்சி கைவிடப்பட்டது.

சட்டத்தின் கண்ணில் ஆசிரியர் யார் என்பது எளிதில் தீர்ந்த கேள்வியன்று. கல்வி நிறுவனம் ‘தொழில்’ ஆகாது என்று 1963இல் டெல்லிப் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 1978இல் பெங்களூரு குடிநீர் வாரிய வழக்கில் அக்கருத்து மாறி, கல்வியும் தொழில் என்ற வரையறைக்குள் கொண்டுவரப்பட்டது. இனித் தொழில் தகராறுச் சட்டத்தின் துணை ஆசிரியருக்கும் உண்டு என்று எண்ண இடமிருந்தது. 1988இல் கோவாவிலிருந்து வந்த சுந்தராம்பாள் வழக்கின் தீர்ப்பு அந்த எண்ணத்தை முடித்துவைத்தது. கல்விக்கூடம் தொழிலாக இருக்கலாம், அதில் பாடம் நடத்துபவர் அச்சட்டம் வரையறுக்கும் ‘தொழிலாளர்’ ஆகமாட்டார் என்றது அத்தீர்ப்பு. பள்ளியின் எழுத்தருக்கும் ஓட்டுநருக்கும் கிட்டும் பரிகாரம் அங்கே பாடம் சொல்பவருக்குக் கிட்டாது என்ற விநோத நிலை இப்படித்தான் பிறந்தது.

படிதோறும் பிரிந்து கிடக்கும் சங்கங்கள் பெரிய கோரிக்கைகளுக்காக அரசு ஊழியர் அமைப்புகளோடு கைகோத்து நிற்கும் மேடை ஜாக்டோ-ஜியோ. மத்திய அரசுக்கு நிகரான ஊதியம் என்பது 1980களின் முதன்மை முழக்கம். 1989இல் அமைந்த திமுக அரசு 1988 ஜூன் 1 முதல் கணக்கிட்டு அந்த ஊதிய விகிதங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆசிரியர் வாழ்க்கைத் தரத்தை இதைப்போல உயர்த்திய ஆணை வேறொன்று இல்லை எனலாம்.

கூட்டு இயக்கம் கண்ட பெருஞ்சோதனை 2003ஆம் ஆண்டு வேலைநிறுத்தம். ஓய்வூதியப் பயன்கள் உள்ளிட்ட சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து ஜூலை 2 அன்று அது தொடங்கியது. தலைவர்கள் முன்கூட்டியே கைதாகினர். எஸ்மா, டெஸ்மா என்ற பெயர்கள் ஊரெங்கும் புழங்கத் தொடங்கியது அப்போதுதான்: அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புக்கான 2002ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமே டெஸ்மா. ஜூலை 4 அன்று பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம், விசாரணையின்றியே பணிநீக்கம் செய்யும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. ஆசிரியர்களும் அரசு ஊழியர்களுமாக ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் வேலையிழந்தனர். உயர் நீதிமன்றத்தில் நிவாரணம் நிலைக்காத நிலையில் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. நிபந்தனையற்ற மன்னிப்பும், இனி இவ்வாறு செய்வதில்லை என்ற உறுதிமொழியும் எழுதித் தந்தவர்களில் பெரும்பாலோரைத் திரும்பச் சேர்க்க அரசு அங்கே இசைந்தது. ஆறாயிரத்துச் சொச்சம் பேர் மட்டும் அதில் சேர்க்கப்படாமல், ஓய்வுபெற்ற நீதிபதிகளின் பரிசீலனைக்கு விடப்பட்டனர்.

ஆகஸ்ட் 6 அன்று வந்த டி. கே. ரங்கராஜன் வழக்குத் தீர்ப்பு, வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மிக உரிமையோ கிடையாது என்றது. முதலிரண்டும் பழைய தீர்ப்புகளின் தொடர்ச்சி. சட்டத்தைக் கடந்து ‘தார்மிக உரிமை’ பற்றியும் நீதிமன்றம் சொல்லத் துணிந்ததுதான் நாடு முழுவதும் தொழிற்சங்கங்களைச் சினங்கொள்ள வைத்தது. மன்றத்தில் தோற்ற வழக்கு தேர்தல் களத்தில் வேறுவிதமாக முடிந்தது. 2004 மக்களவைத் தேர்தலில் ஆளுங்கூட்டணி தமிழகத்தின் 39 தொகுதிகளையும் இழந்தது. சில நாள்களிலேயே முதல்வர் ஜெயலலிதா ஊழியர்கள்மீதான நடவடிக்கைகளைத் திரும்பப் பெற்றார். தோல்விக்கு வேறு காரணங்களும் இருந்தன என்றாலும், ஆசிரியர் கோபம் ஆட்சியைச் சாய்க்கும் என்ற நம்பிக்கை அன்று முதல் எல்லாக் கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளிலும் இடம்பிடித்துவிட்டது.

2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தோர் பழைய ஓய்வூதியத்துக்குப் பதிலாகப் சிபிஎஸ் எனப்படும் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டனர். மத்திய அரசு 2004 ஜனவரியில் செய்ததைத் தமிழ்நாடு ஒன்பது மாதம் முந்திக்கொண்டு செய்தது. அப்போது இளைஞர்களாக இருந்தவர்கள் பணியில் பெரும்பான்மையாக ஆக ஆக, சிபிஎஸ் ஒழிப்பு இயக்கத்தின் முதல் கோரிக்கையாயிற்று. அதை முன்வைத்து 2019 ஜனவரி 22 அன்று தொடங்கிய ஜாக்டோ-ஜியோ வேலைநிறுத்தத்தில் அரசு மாதம் 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்க முனைந்தது. கைதுகளும் ‘பதினேழு பி’ என்று ஆசிரியர்கள் அஞ்சும் குற்றச்சாட்டுக் குறிப்பாணைகளும் தொடர்ந்தன. ஜனவரி 30 அன்று, பொதுத்தேர்வு நெருங்குவதைச் சொல்லிப் போராட்டம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. வழக்குகளும் ஒழுங்கு நடவடிக்கைகளும் 2021இல், அதாவது சட்டமன்றத் தேர்தல் வந்தபோது, கைவிடப்பட்டன.

ஓர் ஆணை எப்படி ஒரு சங்கத்தைப் பெறுகிறது என்பதற்கு இடைநிலை ஆசிரியர் ஊதியச் சிக்கலே தெளிவான சான்று. 2009 மே 31 வரை பணியில் சேர்ந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200. கல்வித்தகுதி, வகுப்பு, பாடவேளை எதிலும் வேறுபாடில்லை. பாதிக்கப்பட்டவர்கள் பழைய சங்கங்களில் தங்கள் குரல் எடுபடவில்லை என்று தனி இயக்கம் தொடங்கி, ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ கேட்டுச் சென்னையில் கல்வித் துறை அலுவலகங்கள் உள்ள டிபிஐ வளாகத்தில் பலமுறை உண்ணாவிரதம் இருந்தனர். வளாகத்துக்குப் பேராசிரியர் அன்பழகன் பெயர் சூட்டப்பட்ட பிறகும் போராடுவோர் வாயில் அது டிபிஐதான். 2012இல் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களின் கதையும் இதுவே. பணிநிரந்தரம் அவர்களின் ஒற்றைக் கோரிக்கை. அரசு கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வரையறுத்தது. 2024இலும் அவர்கள் பெற்றது அதில் பாதி.

தொடக்கக் கல்வியில் 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243 ஒன்றிய அளவிலான முன்னுரிமைப் பட்டியலை மாநில அளவுக்கு மாற்றியது. பதவி உயர்வு வேண்டுமானால் குடும்பத்தை விட்டுத் தொலைவு போக வேண்டும் என்ற அச்சம் பெண் ஆசிரியர்களிடம் கடுமையாக எழுந்தது. தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்களின் டிட்டோஜாக் கூட்டமைப்பு இதற்கு எதிராகப் போராட்டங்களை முன்னெடுத்தது. இளையவர்களில் ஒரு சாரார் அதே ஆணையை வரவேற்றதையும் சொல்லியாக வேண்டும். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு வேறு வகை. ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டாண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்ற அந்த உத்தரவு, ஒன்றுக்கொன்று முகங்கொடுக்காத சங்கங்களையும் ஒரே குரலில் பேசவைத்தது.

இந்த இயக்கம் இதுவரை எட்டாத பரப்பு, உதவிபெறாத தனியார் மெட்ரிக், சிபிஎஸ்இ பள்ளிகளும் சுயநிதிக் கல்லூரிகளும். அங்கே சங்கத்தில் சேர்ந்தால் அடுத்த கல்வியாண்டில் வேலை இருக்குமா என்பதே ஐயம். அசல் சான்றிதழ்களை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு. அவர்களுக்குக் கிடைத்த முக்கியப் பயனொன்று தெருப்போராட்டத்தின் வழியாக வந்ததன்று. பணிக்கொடைச் சட்டத்தில் ஆசிரியர் ‘ஊழியர்’ ஆகமாட்டார் என 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்றும் சுட்டியது. 2009இல் திருத்தம் வந்தது. 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டுப் பணிக்கொடை உரியதாயிற்று. தனியார் பள்ளி நிர்வாகங்கள் தொடுத்த வழக்குகளை 2022இல் தள்ளுபடி செய்து உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை உறுதிப்படுத்தியது.